வேலையில்லாதோர் யார்?

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது எம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இதைக் கேட்டு நகைப்பவர்களும் தம் பிள்ளைகளுக்கு அரசாங்க உத்தியோகத்தையே தேடுகின்றனர். இதற்குக் காரணம் யாது? வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றிய கணக்குகளைச் சிறிது ஆராய்ந்தால் விடை புலப்படும்.

இலங்கையில் 1990-ஆம் ஆண்டில் தொழிற்படையினருள் நூற்றுக்கு ஏறத்தாழ பதினாறு பேர் வேலையற்றிருந்தனர். 2023-இல் இத்தொகை ஐந்துக்கும் குறைந்துவிட்டது. அப்படியாயின் நோய் நீங்கிவிட்டதா? முதற்கண் ஒன்றைக் கருதல் வேண்டும். 1990-ஆம் ஆண்டுக் கணக்கில் வட கிழக்கு மாகாணங்கள் சேரவில்லை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் இக்கணக்கெடுப்பு இடையறாது நாடு முழுவதையும் தழுவி வருவது 2011 முதலேயாகும். எனவே, போர் நடந்த காலத்து வன்னியின் நிலையை இந்தக் கணக்கிலே தேடுவது வீண்.

கணக்கின் இலக்கணம்

வேலையற்றவர் என்பதற்கு ஓர் இலக்கணம் உண்டு. குறித்த வாரத்திலே ஒரு மணி நேரமாவது கூலிக்கோ இலாபத்துக்கோ உழைத்தவர் வேலையுடையவர். கூலி பெறாது குடும்பத் தொழிலில் உதவியவரும் அவ்வாறே. வேலையின்றி, அண்மைய வாரங்களில் வேலை தேடி, கிடைத்தால் ஏற்கவும் ஆயத்தமாயிருப்பவரே வேலையற்றவர். உலகெங்கும் ஏறக்குறைய இதுவே வழக்கம்.

இவ்வளவுகோலை வன்னிக்குக் கொணர்ந்து பார்ப்போம். பெரும்போக அறுவடை முடிந்தபின், வாரத்தில் ஒரே நாள் கூலி வேலை பெறுகின்ற தொழிலாளி வேலையுடையவர். கணவனைப் போரில் இழந்து, பிள்ளைகளை விட்டு அகல முடியாமையால் வேலை தேடாதிருக்கும் தாய் வேலையற்றவர் அல்லர். அவர் தொழிற்படையிலேயே இல்லாதவர். ஆகவே, இவர்களால் வேலையின்மை வீதம் உயராது. உண்மையில், வறியவருக்கு வேலையின்றி இருத்தல் எட்டாத ஆடம்பரம். கிடைத்ததைச் செய்யாவிட்டால் அன்று அடுப்பு எரியாது.

சுமை யார் மீது?

நாட்டின் சராசரி ஒன்றாயினும் சுமை எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. பெண்களின் வேலையின்மை வீதம் 2023-இல் ஆண்களுடையதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. இத்தனைக்கும் வேலை செய்வோரும் தேடுவோருமாகத் தொழிற்படையில் உள்ள பெண்கள் பத்தில் மூவரே. ஆண்களோ பத்தில் எழுவர். 15 முதல் 24 வயது வரையுள்ள தொழிற்படையினருள் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையற்றவர். க.பொ.த. உயர்தரமும் அதற்கு மேலும் கற்றவரிடையே, குறிப்பாகப் பெண்களிடையே, வீதம் சராசரியைக் கடந்து நிற்கின்றது. இத்தகைய ஏற்றத்தாழ்வு எமக்கு மட்டும் உரியதன்று. செல்வம் மிக்க அமெரிக்காவிலும் கறுப்பினத்தவரின் வேலையின்மை பல பத்தாண்டுகளாக வெள்ளையருடையதைப் போல் ஏறக்குறைய இருமடங்காகவே இருந்து வந்திருக்கின்றது.

கற்றவர் வேலையின்றி இருப்பது ஏன்? இளைஞர் கிளர்ச்சி நிகழ்ந்த 1971-ஆம் ஆண்டிலே, டட்லி சீயர்ஸ் என்னும் பொருளியல் அறிஞரின் தலைமையில் சர்வதேச தொழில் தாபனத்தின் குழுவொன்று இலங்கை நிலையை ஆராய்ந்தது. கல்வி வளர்க்கும் எதிர்பார்ப்பும் நாடு அளிக்கும் வேலையும் பொருந்தவில்லை என்பது அதன் முடிபு. பின்வந்தோர் சிலர் வேறு கூறினர். நிலைத்த பதவியும் தவறாத சம்பளமும் கிடைக்குமாயின், சில ஆண்டுகள் காத்திருப்பது அறியாமை அன்று, கணக்கே என்றனர்.

விசுவமடு கற்பித்த பாடம்

வன்னியின் வரலாறு இரண்டாவது கூற்றுக்கே வலுவூட்டுகின்றது. படித்த வாலிபர் மண்ணை வெறுப்பர் என்பது பொதுவான குற்றச்சாட்டு. ஆனால் விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களில் அமைந்த வாலிபர் குடியேற்றத் திட்டங்களுக்குப் படித்த இளைஞர் சென்றனர், காடு வெட்டினர், மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டனர். 1970-களின் முற்பகுதியில் அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை கிடைத்தது. 1977-இல் ஆட்சி மாறி இறக்குமதிக்குக் கதவு திறந்ததும் விலை வீழ்ந்தது. உழைப்பு குறையவில்லை, உழைப்புக்கிருந்த உறுதிப்பாடே குலைந்தது. பின்னர் வந்த போர் எஞ்சியதையும் அழித்தது. பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலையும் ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலையும் ஓய்ந்தன.

இத்தகைய அனுபவம் பெற்ற தந்தை, மகனுக்கு அரசாங்க உத்தியோகத்தை விரும்புவதில் வியப்பென்ன? அவர் வேண்டுவது நாற்காலியின் மதிப்பை மட்டுமன்று. அடுத்த மாதமும் சோறுண்டு என்னும் நிச்சயத்தையே.

செய்யத் தக்கது

இன்று கிளிநொச்சியிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியற் பீடங்கள் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021-இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இரணைமடுவும் வவுனிக்குளமும் நீர் தருகின்றன. அறிவும் நீரும் அருகருகே இருந்தும் அவற்றை இணைக்கும் பாலம் போதாது. விளைபொருளைக் களஞ்சியப்படுத்தவும், பதப்படுத்தவும், நியாய விலைக்கு விற்கவும் வழி அமைந்தால், பட்டதாரிக்கும் கமக்காரருக்கும் ஒருங்கே வேலை பிறக்கும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஓரிடமும், வீட்டுக்கு அருகே தொழிலும் இருப்பின், கணக்கில் வராத தாய்மாரும் முன்வருவர்.

மாணவர்க்கும் பெற்றோர்க்கும் நாம் கூற விரும்புவது ஒன்றுண்டு. உத்தியோகத்துக்கு விண்ணப்பிப்பது தவறன்று. விண்ணப்பித்துவிட்டு வாளாவிருப்பதே தவறு. காத்திருக்கும் ஆண்டுகளில் ஒரு கைத்தொழிலையோ மற்றொரு மொழியையோ கற்றுக்கொள்ளலாம். ஆனால் இளைஞரைச் சோம்பேறிகள் என்று பழிப்பதற்கு முன், அவர்களது உழைப்புக்கு எத்தகைய உறுதியை நாம் அளித்திருக்கின்றோம் என்பதைப் பெரியோர் எண்ணிப் பார்ப்பாராக.