எட்டா, ஆறா?

ஏட்டுச் சுவடி பயின்றவர்க்கு ஐயம் ஒரு பழைய தோழன். ஓலையிலே புள்ளியிடும் வழக்கம் இன்மையால், முன்னே நிற்பது ஒற்றெழுத்தா உயிர்மெய்யா என்பதைப் படிப்பவனே துணிதல் வேண்டும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒரே வடிவு. பிராசீன கல்லூரியில் மாணவர்க்கு இவற்றை ஆண்டுதோறும் சொல்லிவந்த எனக்கு, அதே ஐயம் சென்ற மாசி மாதத்தில் எனது மோட்டார்க் காரின் முகப்பிலே வந்து தோன்றிற்று.

சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஏ 9 வீதியில் வந்துகொண்டிருந்தேன். வேகங்காட்டும் இலக்கம் 60 என்றது. காதில் விழுந்த காற்றின் இரைச்சலோ வேறொன்று சொல்லிற்று. அருகிலிருந்த மகள் தன் கைத்தொலைபேசியைப் பார்த்து, "அப்பா, எண்பதிலை போறியள்" என்றாள். எழுபதுக்கு மேற் செல்லலாகாத இடம் அது. முன்னே ஒரு முதியவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீதியைக் கடந்துகொண்டிருந்தார். உரிய வேளையில் நிறுத்திவிட்டேனாயினும், கை நடுக்கம் வீடு வந்து சேரும்வரை தணியவில்லை.

நடந்தது இதுதான். இவ்வகை முகப்பில் ஒவ்வோர் இலக்கமும் ஏழு சிறு கோடுகளால் ஆனது. ஏழும் ஒளிர்ந்தால் எட்டு. வலப்புறத்து மேற்கோடு அணைந்தால் அதுவே ஆறாகும். இடப்புறத்துக் கீழ்க்கோடு அணைந்தால் ஒன்பது. நடுக்கோடு அணைந்தால் சுழியம். பூச்சி அரித்த ஓலையாவது தன் ஓட்டையைக் காட்டி நம்மை எச்சரிக்கும். அணைந்த கோடு அப்படி எச்சரிப்பதில்லை. பிழையான எண்ணையும் முழுமையான எண்போலவே காட்டும்.

கார், 2000ஆம் ஆண்டளவில் ஜப்பானிற் செய்யப்பட்ட சிறியதொன்று. முள்ளும் வட்டமும் அதில் இல்லை. நீலமும் பச்சையும் கலந்த ஒளியில் எண்களே தோன்றும். எண்ணால் வேகங்காட்டும் முகப்பு 1976இல் இங்கிலாந்திலே அஸ்ரன் மார்ட்டின் லகொண்டா என்னும் பெருஞ்செல்வர் காரிலே காட்சிக்கு வந்தது. ஜப்பானியர் அடுத்த பத்தாண்டில் அதனை நடுத்தரக் குடும்பத்தாருக்கும் எட்டச் செய்தனர். எனக்கு முன் இதே கொட்டிலில் நின்ற என் தந்தையாரின் ஒஸ்ரின் ஏ 40இல் முள் பழுதானால் அசையாது நிற்கும், அல்லது துள்ளும். பழுது என்பதை நம் வீட்டுக் கோழியும் அறியும்.

சில நாளில் நோய் முற்றியது. காலைக் குளிரில் முகப்பு ஒளிரும். நண்பகல் வெயிலில் மங்கி அணையும். தட்டினால் ஒருகணம் எழும்பும். பங்குனியில் முற்றாக இருண்டது. எண்ணெய் இருப்பும் தெரியாது. ஓடிய தூரமும் தெரியாது.

காரை விற்க எண்ணியிருந்த வேளை அது. மகளின் மேற்படிப்புக்குப் பணம் வேண்டியிருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ருவரியிலேதான் மீண்டும் வழி திறந்ததனால், இடைக்காலத்தில் பழைய கார்கள் பொன்விலை பெற்றன. அந்த விலை இன்னும் பெரிதும் இறங்கவில்லை. நான் முதலிற் சென்ற பட்டறையில் ஓர் இளைஞர் எளிய வழி சொன்னார். உடைத்து விற்ற இதே இனக் கார் ஒன்றின் மீற்றர் தம்மிடம் உண்டு. மாற்றிவிட ஒருமணி நேரம் போதும். "இன்னொரு நன்மையும் இருக்கு, சேர். அதிலை 84 ஆயிரம் கிலோமீற்றர்தான் நிக்குது." என் கார் ஓடியது 2 இலட்சத்து 17 ஆயிரத்துக்கு மேல். ஓடிய தூரம் முகப்பினுள்ளே ஒரு சிறு சில்லில் பதிந்திருப்பதால், முகப்பை மாற்றினால் காரின் வயதும் மாறிவிடும். விலையில் மூன்று இலட்சமாவது கூடும் என்றார்.

நான் உடனே மறுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறுக்கவில்லை. "நாளைக்குச் சொல்லுறன்" என்று திரும்பினேன். அன்றிரவு அந்த மூன்று இலட்சத்தை மனத்திலே செலவும் செய்தேன். மறுநாள் வகுப்பிலே பாடபேதம் பற்றிய பாடம். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) சிதைந்த ஏடுகளோடு போராடி 1887இற் கலித்தொகையை அச்சேற்றியதைச் சொன்னேன். 1894இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றில் ஏடு சிதைந்த இடங்கள் சிதைந்தவையாகவே விடப்பட்டிருப்பதையும் காட்டினேன். தெரியாத இடத்திலே தன் கையால் ஓரடி செருகுபவனை நான் வழக்கமாக ஏசும் சொற்கள் சில உண்டு. அன்று அவை வாயில் வரவில்லை.

மாலையில் நண்பர் ஒருவர் சொற்படி, ஒழுங்கையொன்றில் வீட்டு விறாந்தையிலேயே வானொலி திருத்தும் ஒருவரிடம் சென்றேன். என்னிலும் ஏழெட்டு வயது மூத்தவர். முகப்பைக் கழற்றி, பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். "பண்டிதர், உது சாகேல்லை, மயங்கிக் கிடக்குது" என்றார்.

அவர் விளக்கியதை என் மொழியிற் சொல்லுகிறேன். வளியகற்றிய கண்ணாடிப் பேழையொன்றினுள் மயிரினும் மெல்லிய இழைகள் இருக்கின்றன. அவை சூடேறி இலத்திரன்களை விட, அவை ஒளிரும் பொருள் பூசிய கோடுகளைத் தாக்கி ஒளியெழுப்புகின்றன. இதற்குப் பற்றரியின் 12 வோல்ற்று போதாது; உயர்த்திக் கொடுக்க ஒரு சுற்று உண்டு. நாள்தோறும் வெயிலில் விரிந்தும் இரவிற் சுருங்கியும், வீதிப் பள்ளங்களில் அதிர்ந்தும், அச்சுற்றின் கால்களைப் பிணித்த ஈயம் கண்ணுக்குத் தெரியாத வளையமாய் வெடித்திருந்தது. கொள்ளளவி ஒன்றும் உலர்ந்துபோயிற்று.

பொருத்தும் ஈயத்துக்குப் பற்றாசு என்று நல்லதொரு பழஞ்சொல் உண்டென்று சொன்னேன். "நல்ல சொல்தான் பண்டிதர். கடையிலை ஈயம் எண்டு கேட்டால்தான் தருவாங்கள்" என்றபடி வேலையில் ஆழ்ந்தார்.

இத்தொழிலை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். 1990இன் பின் மின்சாரமற்றுப் பற்றரியும் தடைப்பட்டிருந்த ஆண்டுகளை யாழ்ப்பாணத்தார் மறக்கமாட்டார்கள். மண்ணெண்ணெயில் கார் ஓடிற்று. ஒரு சொட்டுப் பெற்றோல் அதை எழுப்பிவிடுவதற்கு மட்டும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கையால் மிதியைச் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு உயிர் கொடுத்துச் செய்தி கேட்டோம். சுற்றுபவன் களைத்தால் செய்தியும் களைக்கும். அந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யப் பழைய வானொலிகளிலிருந்து உறுப்புகளைக் கழற்றிப் பொருத்திப் பழகியவர் இவர். "அந்த நாளிலை புதுச் சாமான் எண்டு ஒண்டு இருக்கேல்லை. பழசுக்குள்ளைதான் புதுசைத் தேடினனாங்கள்."

84 ஆயிரம் கிலோமீற்றர் மீற்றரைப் பற்றி, யாரோ ஒரு நண்பர் கேட்டதுபோல, மெல்லக் கேட்டுப் பார்த்தேன். அவர் நிமிரவில்லை. "அண்ணை, அது பிழையோ?" என்றேன்.

"பூட்டலாம். ஆனால் அது வேறை ஆற்றையோ காரின்ரை கணக்கு" என்றார். அவ்வளவே. மேலும் சொல்லியிருந்தால் எனக்கு மறுமொழி இருந்திருக்கும்.

இரண்டு மணி நேரத்தின் பின் கம்பிகளை இணைத்துச் சாவியைத் திருப்பினோம். இருண்ட கண்ணாடியின் அடியிலிருந்து நீலப்பச்சை ஒளி மெல்ல ஏறிற்று: 217486. எட்டு எட்டாகவே நின்றது. எண்ணெய் இருப்பைக் காட்டும் வரிசையில் மட்டும் ஒரு கோடு எழவில்லை. "அது கண்ணாடிக்குள்ளையே போட்டுது. என்னாலை ஏலாது. இருக்கிற மாதிரிச் சொல்லி வில்லுங்கோ" என்றார். கூலியாக அவர் கேட்டது ஒரு பாடநூலின் விலைதான்.

சித்திரையில் வாங்குபவர் ஒருவர் வந்தார். அந்த எண்ணை இருமுறை பார்த்தார். எழாத கோட்டையும் நானே காட்டினேன். இரண்டரை இலட்சம் குறைத்துக் கேட்டார்; யோசித்துச் சொல்லுவதாகப் போனவர் இன்னும் சொல்லவில்லை. மகளின் முதல் தவணைக்கு வங்கியிற் கடன் எடுத்தேன். கார் கொட்டிலில் நிற்கிறது. நேற்று மாலை 217903.