இல்லத்து ஒலிப்பதிவு அறையைச் சோதித்தல்

ஹைதராபாத்தில் உள்ள கோல்கொண்டாக் கோட்டைக்குச் சென்றோர் அதன் கைதட்டல் விந்தையை அறிவர். நுழைவாயிலின் குவிமாடத்தின் கீழ் ஒருவர் கைதட்டினால், ஏறத்தாழ 120 மீட்டர் உயரமுள்ள குன்றின் உச்சியில், பாலா ஹிஸார் மண்டபத்தில் நிற்பவர் அவ்வொலியைக் கேட்கலாம். கல்லும் சுதையும் ஒலியை உறிஞ்சாது திருப்பி அனுப்புவதும் இதற்குத் துணைபுரிகிறது. கோட்டைக்கு நன்மையாக அமைந்த இப்பண்பே, அந்நகரின் இல்லமொன்றில் பாட்டையோ உரையையோ பதிவு செய்ய விழைவோருக்கு இடையூறாகிறது. சிமெண்டுப் பூச்சும் வழவழப்பான தரையும் கொண்ட வெற்றறையில், ஒரு சொல் அடங்குமுன் அடுத்த சொல் அதனோடு கலந்துவிடுகிறது. பதிவில் கலந்த இம்முழக்கத்தைப் பின்னர் முற்றிலும் நீக்குதல் அரிது. ஆகவே, பொருள் செலவிடுமுன் அறையைச் சோதித்தல் வேண்டும்.

முழக்கத்தை அளவிடும் வழியை வகுத்தவர் அமெரிக்க நாட்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன் ஆவார். அங்கு விரிவுரை மண்டபம் ஒன்றில் பேச்சு தெளிவாக விளங்காத குறையை 1895-இல் அவர் ஆராயத் தொடங்கினார். இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பி, ஒலி அடங்கும் காலம் எவ்வாறு குறைகிறது என்று கணித்தார். ஒலி 60 டெசிபெல் தணிவதற்கு ஆகும் நேரம் எதிர்முழக்கக் காலம் எனப்படும். அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சு பரப்பால் வகுத்தால் அது விநாடிகளில் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். 4 மீட்டர் நீளமும், 3 மீட்டர் அகலமும், 3 மீட்டர் உயரமும் உள்ள அறையின் கன அளவு 36 கன மீட்டர். உட்பரப்பு 66 சதுர மீட்டர். பூச்சுச் சுவர் தன்மேல் விழும் ஒலியில் நூற்றில் 3 பங்கையே உறிஞ்சுமெனக் கொண்டால், எதிர்முழக்கக் காலம் ஏறத்தாழ 2.9 விநாடி ஆகும். உரைப்பதிவுக்கு 0.3 விநாடியளவே ஏற்றது. அதற்குச் சுமார் 19 சதுர மீட்டர் முழு உறிஞ்சு பரப்புத் தேவை. சிறிய அறைக்கு இக்கணக்குத் தோராயமானதே எனினும், தேவையின் அளவை உணர்த்தப் போதுமானது.

சோதனைகள் மூன்று. முதலாவது, அறையின் நடுவே கைதட்டுதல் அல்லது பலூனை உடைத்தல். எதிரெதிர்ச் சுவர்களிடையே ஒலி படபடவென்று ஓடினால், அச்சுவர்களில் ஒன்றை மூட வேண்டும். ஒலியைக் கைப்பேசியில் பதிந்து, அது தணியும் வேகத்தையும் காணலாம்.

இரண்டாவது, தாழ்ந்த சுருதிச் சோதனை. ஒலிபெருக்கியில் 30 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை சுருதியை மெல்ல உயர்த்திக்கொண்டே அறையில் நடந்து கேட்க வேண்டும். வெப்பநிலை 30 பாகை செல்சியஸ் எனில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 349 மீட்டர். ஆதலின் மேற்சொன்ன அறையில் 58 ஹெர்ட்ஸ் அளவில் நிலையலை எழும். அகலமும் உயரமும் சமமாதலின் இரு நிலையலைகள் அங்கு ஒன்றுகூடும். ஓரிடத்தில் ஒலி பெருகும், மற்றோரிடத்தில் தேயும். அத்தேய்விடத்தில் மைக்ரோபோனை வைத்தலாகாது.

மூன்றாவது, மௌனச் சோதனை. எவரும் பேசாதிருக்கையில் ஒரு நிமிடம் பதிவு செய்து கேட்டால், மின்விசிறியின் இரைச்சலும் தெருவின் ஊர்திகளும் வெளிப்படும்.

மருந்தும் நோய்க்கேற்ப வேறுபடும். பஞ்சு மெத்தையும் கனத்த திரையும் உயர்ந்த சுருதிகளை உறிஞ்சும். தாழ்ந்த சுருதிகளுக்கு அவை போதா, அறை மூலைகளில் தடித்த கனிமக் கம்பளி அடுக்குகள் வேண்டும். வெளி இரைச்சலைத் தடுப்பது பொருளின் எடையும் இடுக்கின்றி மூடுதலுமே. சுவரில் முட்டைத் தட்டுகளை ஒட்டுவோர் உளர். அவை தாழ்ந்த சுருதியையும் அடக்கா, தெரு ஒலியையும் தடுக்கா. சோதித்தறிந்து செலவிடுவோர்க்குச் சில மெத்தைகளும் சரியான இடத்தில் வைத்த மைக்ரோபோனுமே பெரும்பயன் தரும்.