காக்களூர் மேடையில் ஒரு கிரைண்டர்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா, விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரிசி வாங்கும் குடும்ப அட்டைதான் தகுதி. காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. அங்குள்ள பட்டறைகளில் மோட்டார்கள் வெகுகாலமாக ஓடிக்கொண்டிருந்தன. அந்த மோட்டார்களை ஓட்டியவர்கள் பலரின் வீடுகளில், மாவரைக்க மட்டும் கைதான் இருந்தது.

கோயம்புத்தூரில் பி. சபாபதி மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கியது 1955இல். அது காக்களூர் மேடை ஏற 56 ஆண்டுகள் ஆயின. வசதியுள்ள வீடுகளுக்கு இடையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. இலவசத்துக்கு அலைகிறார்கள் என்று 2011இல் ஏளனம் பேசிய வீடுகள் பலவற்றில் கிரைண்டர் அதற்கு முன்பே சுற்றிக்கொண்டிருந்தது.

அதற்கு முன் ஆட்டுக்கல். பகலில் ஊறப்போட்டதை மாலையில் ஆட்டுவார்கள். வலக்கை குழவியைச் சுழற்றும், இடக்கை மாவைத் தள்ளிவிடும். தண்ணீர் தெளித்துத் தெளித்து உளுந்தைப் பொங்கவிட அரை மணி, அரிசிக்கு அதற்கும் மேல். எண்ணிக்கை கூடிய குடும்பத்தில் இரண்டு நாள் மாவுக்கு ஒன்றரை மணி நேரம் கல்லின் முன் கழியும். அதனால்தான் திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இட்லி தினப்படிச் சாப்பாடாக இருக்கவில்லை. காலைக்குப் பழைய சோறு, கேழ்வரகுக் கூழ். இட்லி தீபாவளிக்கும் விருந்தாளிக்கும். கல் வழவழத்துப் போனால் கொத்திக் கொடுக்க உளியோடு ஒருவர் தெருவில் குரல் கொடுத்து வருவார். அவர் இப்போது வருவதில்லை. அம்மிக்காவது கல்யாண மண்டபத்தில் முகூர்த்த நேரத்துக்கு ஒரு வேலை இருக்கிறது, ஆட்டுக்கல்லுக்கு அதுவும் இல்லை.

ஆட்டுக்கல் மாவின் ருசி வராது என்பார்கள். இருக்கலாம், மெதுவாகச் சுற்றும் கல்லில் மாவு சூடேறாது. ஆனால் அப்படிச் சொல்பவர்களில் குழவி பிடித்தவர்கள் குறைவு. பிடித்தவர்கள் முதலில் சொல்வது தோள்பட்டை வலியை.

கிரைண்டர் வந்த மறு ஆண்டே கரண்ட் காலை வாரியது. 2012இல் சென்னை மாநகருக்குள் இரண்டு மணி நேர மின்வெட்டு. மாநகர எல்லையைத் தாண்டினால் அது பல மடங்கு. எந்த நேரம் கரண்ட் இருக்கும் என்று பார்த்துத்தான் உளுந்தை ஊறப்போட வேண்டியிருந்தது. ஆட்டுக்கல்லைத் தூக்கிப் போடாதவர்கள் தப்பித்தார்கள். இத்தனைக்கும் மாநிலத்தின் பெரிய அனல்மின் நிலையங்களில் ஒன்று இதே மாவட்டத்தின் அத்திப்பட்டில் இருந்தது. பக்கத்து வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையத்தின் மூன்று அலகுகள் 2012க்கும் 2015க்கும் இடையில் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. மின்வெட்டு படிப்படியாக நின்றது. நிலக்கரிச் சாம்பல் நிற்கவில்லை. கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்துகொண்டே இருந்தது. நம் வீட்டில் கை ஓய்ந்ததற்கான விலையில் ஒரு பங்கை அங்கே வலை வீசுபவர்கள் கொடுத்தார்கள்.

இப்போது பல வீடுகளில் அந்தக் கிரைண்டரும் ஓடுவதில்லை. கும்மிடிப்பூண்டியிலும் கவரைப்பேட்டையிலும் பொன்னேரியிலும் தெருவுக்குத் தெரு பாக்கெட் மாவு கிடைக்கிறது. கல்லிலிருந்து மோட்டாருக்கு மாறிய வேலை, அடுத்த படியாக வீட்டை விட்டே வெளியேறிவிட்டது. அதைப் பிழைப்பாக்கிக்கொண்ட பெண்களும் உண்டு: தன் வீட்டுக்கு ஆட்டிய கை, இன்று பெரிய டில்டிங் கிரைண்டரில் தெருவுக்கே அரைத்து விற்கிறது.

மிச்சமான நேரம் எங்கே போனது என்பதற்குப் பதில், விடியுமுன்னே ஜி.என்.டி. சாலை ஓரம் நிற்கும் கம்பெனி பஸ்ஸில் இருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டைக்குக் காலை ஷிப்ட் போகிற பெண்ணுக்கு, முந்தைய மாலை ஆட்டுக்கல்லின் முன் உட்கார நேரம் கிடையாது. குழவி போனதால் அவள் பஸ் ஏறினாளா, பஸ் வந்ததால் குழவி போனதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சம்பளம் அவள் பெயரிலுள்ள கணக்கில் விழுகிறது. ஆட்டுக்கல்லைச் சுற்றி உட்கார்ந்து இரண்டு வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டிருந்த மாலை நேரம் அந்தக் கணக்கில் வராது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் சம்பளத்தைத்தான் எடுப்பார்கள். நானும் அதையே சொல்வேன்.

துணி துவைப்பதன் கதை இவ்வளவு சுலபமாக முடியவில்லை. ஒரு காலத்தில் ஏரிக்கரையிலும் ஆரணியாற்றிலும் கிணற்றடியிலும் வாரத்துக்கு ஓரிரு முறை துவைத்தார்கள். இப்போது ஷிப்ட் யூனிஃபார்மும் பள்ளிச் சீருடையும் தினமும் வெளுத்தாக வேண்டும். இயந்திரம் வந்தபின் துவைக்கும் துணி பெருகியது. இந்தப் பக்கத்தில் அதற்குத் தண்ணீரும் ஒரு சிக்கல். சென்னைக்காக நிலத்தடி நீரைப் பல்லாண்டுகள் இறைத்ததில் மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, இயந்திரத்தில் உப்பு படியும். காட்டுப்பள்ளியில் கடல்நீரை நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீராக்கும் ஆலை 2010இல் வந்தது; அந்தத் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. 2021 தேர்தலில் அதிமுக வீட்டுக்கொரு வாஷிங் மெஷின் தருவதாக வாக்குறுதி தந்து தோற்றது. ஜெயித்திருந்தால் இங்கே பல மெஷின்கள் கேன் தண்ணீரையா குடித்திருக்கும்?

கைவேலை போக, மீதி இருந்தது நினைவு வேலை. மோட்டார் போட்டதை மறக்காமல் நிறுத்துவது, சிலிண்டர் தீருமுன் பதிவு செய்வது, மீட்டர் அட்டையில் எழுதிய தொகையைக் கடைசித் தேதிக்குள் மின்வாரிய அலுவலக வரிசையில் நின்று கட்டுவது. இன்று தொட்டி நிரம்பினால் மோட்டார் தானே நிற்கிறது. சிலிண்டருக்கு ஒரு மிஸ்டு கால் போதும். 2016இல் வந்த யு.பி.ஐ. வரிசையை விழுங்கிவிட்டது. அதே ஆண்டு மே மாதம் முதல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், சிக்கனமான வீட்டுக்குக் கட்டவே எதுவும் இருப்பதில்லை. ஆனால் சிலிண்டர் கொண்டுவருபவர் கேட்கும் ஓ.டி.பி. கணவரின் போனுக்குப் போகிறது, அவர் ஷிப்டில் இருக்கிறார். ‘என்னங்க, நம்பர் வந்துச்சா?’ என்று வாசலில் நின்று அழைப்பது புது வேலை. அரிசியை எப்போது ஊறப்போடுவது, மாவு இன்றோடு தீர்கிறதா, பிள்ளையின் சீருடை காய்ந்ததா என்பவற்றை நினைவில் வைத்திருக்க எந்தக் கருவியும் இதுவரை முன்வரவில்லை. அவை இன்னும் ஒருவரின் தலையில்தான், அது யார் தலை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் விளக்கினார். வீட்டுக்கு இயந்திரம் வந்ததும், முன்பு ஆண்களும் பிள்ளைகளும் வேலையாட்களும் செய்த வேலைகள் மறைந்தன. எஞ்சியவை தாயிடம் சேர்ந்தன, சுத்தத்தின் அளவுகோலும் உயர்ந்தது. அமெரிக்காவில் பல தலைமுறைகளில் நடந்தது கும்மிடிப்பூண்டியில் ஒரே தலைமுறைக்குள் நடந்திருக்கிறது.

காக்களூர் விழாவுக்குச் சரியாக 12 ஆண்டுகள் கழித்து, 2023இல் அதே செப்டம்பர் 15 அன்று, காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கப்பட்டது. ஒரு கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். முன்பு வேலையைக் குறைக்கக் கருவி கொடுத்த அரசு, இம்முறை அந்த வேலைக்கு ஒரு மதிப்பு உண்டென்று பணத்தால் ஒப்புக்கொண்டது. தொகை சிறிது, ஒப்புக்கொண்டது பெரிது.

நாடு முழுவதற்குமான அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 2019இல் வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம். அதில் ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். 2024இல் பெண்கள் 289, ஆண்கள் 88. பெண்களுக்குக் குறைந்தது 10 நிமிடம், ஆண்களுக்குக் குறைந்தது 9. ஏற்கெனவே பெண்களின் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குகூடச் செலவிடாத ஆண்கள், கிடைத்த ஓய்வில் மட்டும் ஏறக்குறைய சரிபாதியை எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.