உங்களுக்குத் தெரியுமா? பெண் பனைக்குத்தான் சட்டம் காவல்!

களனியில் உங்கள் வளவில் நிற்கும் பலா உங்களுடையதுதான். ஆனால் நினைத்த நாளில் அதைத் தறிக்க முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைக் காக்கிறது. ஆம், பனையில் பெண்ணை மட்டும்!

• நுங்கு, பனாட்டு, ஒடியல் எல்லாம் பெண் பனையின் காயிலும் பழத்திலும் விதையிலும் இருந்தே வருகின்றன. ஆண் பனை பாளை தள்ளும், காய்க்காது. வேடிக்கை என்னவென்றால், பூக்கும்வரை எது ஆண், எது பெண் என்று கண்டுபிடிக்க முடியாது. அதற்கே பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆகிவிடும்.

• பலாவுக்குச் சிங்களத்தில் 'பத் கஸ', அதாவது சோற்று மரம், என்றும் ஒரு பெயர். பிஞ்சில் பொலொஸ் கறி, முற்றினால் அவியல், பழுத்தால் சுளை, கடைசியில் சுட்ட கொட்டை. அரிசித் தட்டுப்பாடு வந்த காலங்களில் அடுப்பை அணையாமல் காத்தது இதுதான்.

• நாடெங்கும் பலாக்கன்று நடச்சொல்லி இயக்கம் நடத்திய ஆர்தர் வி. டயஸை மக்கள் 'கொஸ் மாமா' என்றே அழைத்தார்கள். பலா மாமா!

• ஈரப்பலா நம் ஊர் மரமே அல்ல. பசிபிக் தீவுகளில் இருந்து வந்தது. சட்டம் அதைப் பார்க்கவில்லை, சோறு போடுகிறதா என்றுதான் பார்த்தது.

• வெட்டியே ஆகவேண்டுமா? கிராம சேவகரைக் கண்டு, பிரதேச செயலகத்தில் அனுமதி எடுங்கள். கோடரி அதற்குப் பிறகு.