கான்கிரீட் கொட்டுமுன் கேட்க வேண்டியவை

மே மாதம், இரவு பத்தரை மணி. விருதுநகர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அரசுத் தொகுப்பு வீட்டுக்குள் போய்ச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இன்னும் போயிருக்காது. சாயங்காலம் மொட்டை மாடியில் ஊற்றிய நாலு குடம் தண்ணீர் எப்போதோ காய்ந்திருக்கும். மின்விசிறி அனலைத்தான் கீழே இறக்கும். வீட்டிலுள்ள பெரியவர்கள் கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போட்டிருப்பார்கள். பக்கத்திலேயே மண்சுவரும் நாட்டு ஓடுமாய் நிற்கும் பழைய வீட்டில் இப்போது ஆடு கட்டுகிறார்கள். அங்கே அந்நேரம் குளுமை.

அந்தக் குளுமைக்காக யாரும் பழைய வீட்டுக்குத் திரும்ப வேண்டாம். ஒழுகும் ஓட்டையும் கரையான் அரித்த கைமரத்தையும் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் காரை வீடு கேட்பது நியாயம். ஆனால் நாலைந்து அங்குலத் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி வீட்டுக்குள் விடும் என்பதைக் கட்டும் முன்பே அவர்களுக்குச் சொல்ல ஓர் ஆள் இல்லையே, அதுதான் என் ஆதங்கம்.

சூடு குறைவாகக் கட்ட விதிதான் தடை என்று பலரும் நினைக்கிறார்கள். கலைஞர் கனவு இல்லத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். உதவித்தொகை 3.5 லட்சம் ரூபாய், வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம், மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை. கான்கிரீட் தளம் என்றாலும் முழுக்க ஜல்லியும் சிமெண்டுமாக நிரப்ப வேண்டியதில்லை. தளத்தின் அடிப்பாதியில் கம்பிகளுக்கு நடுவே இருக்கும் கான்கிரீட் பாரம் தாங்குவதில்லை. அந்த இடத்தில் பழைய ஓடுகளைப் பதிப்பதுதான் ஃபில்லர் ஸ்லாப். சிமெண்ட் மிச்சம், சூடும் குறைவாக இறங்கும். செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் ராட் ட்ராப் சுவருக்குச் சுமார் கால்பங்கு செங்கல் குறையும். லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் இவற்றை வைத்துப் பல வருஷம் சிக்கன வீடுகள் கட்டிக் காட்டினார். நம் கொத்தனார்களுக்குக் கை பழகவில்லை, மேற்பார்வைக்கு வருபவருக்குக் கண் பழகவில்லை. அவ்வளவுதான் தடை. ஒன்று மட்டும் கண்டிப்பு: பொறியாளர் வரைபடம் இல்லாமல் ஃபில்லர் ஸ்லாப் போடாதீர்கள். கம்பி இடைவெளி தப்பினால் தளம் உயிருக்கு உலை வைக்கும்.

மத்திய அரசின் கிராமப்புற வீட்டுத் திட்டமான பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனாவில் இன்னும் தெளிவாகவே இருக்கிறது. பயனாளிக்குப் பல வீட்டு மாதிரிகளைக் காட்டித் தேர்ந்தெடுக்க விட வேண்டும். ஒப்பந்ததாரரை நுழைக்கக் கூடாது. “ஒரே டிசைன்தான், இந்த ஆளிடம்தான் கொடுக்கணும்” என்று யாராவது சொன்னால், எழுத்தில் கேளுங்கள். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் மனு, கிராம சபையில் பதிவு, 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு, முதல்வரின் 1100 எண் என வழிகள் உண்டு. தகவல் உரிமை மனுவுக்கு 30 நாளில் பதில் வர வேண்டும்.

சொந்தமாக மண்கல்லில் கட்ட நினைப்பவர்களுக்கு வங்கியில் சங்கடம். மண் என்ற சொல்லைக் கேட்டதுமே மதிப்பீட்டாளர் முகம் சுளிக்கிறார். சிமெண்ட் கலந்து அழுத்திய மண்கல்லுக்கு ஐஎஸ் 1725 என்ற இந்தியத் தரநிலையே இருக்கிறது. கல்லைச் சோதனைக்கூடத்தில் கொடுத்து வாங்கிய அறிக்கையையும் பொறியாளர் சான்றையும் விண்ணப்பத்தோடு வையுங்கள். மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

நகரத்தில் கதை வேறு. கட்டுபவர் ஒருவர், கரண்ட் பில் கட்டுபவர் இன்னொருவர். மேற்கு வெயிலைப் பார்த்து முழுக் கண்ணாடி வைத்தால் கட்டுநருக்கு நஷ்டமில்லை, ஏசி ஓட்டுவது நீங்கள். வாடகைதாரர் பாடு இதைவிட மோசம், ஜன்னலுக்கு மேல் ஒரு சன்ஷேடுகூட அவரால் போட முடியாது. விளம்பரத்திலோ “பசுமை வீடு” என்று கொட்டை எழுத்து. தரச்சான்று இருப்பதாகச் சொன்னால் எந்தச் சான்று என்று கேளுங்கள். முன்சான்று என்பது வரைபடத்துக்குத் தருவது. கட்டி முடித்த பிறகு வருவதுதான் இறுதிச்சான்று. பலர் முதலாவதைக் காட்டியே விற்றுவிடுகிறார்கள்.

இதற்கு 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் கைகொடுக்கும். விளம்பரத்தில் சொன்னது பொய் என்று தெரிந்து, அதை நம்பிப் பணம் கட்டியதால் நஷ்டப்பட்டிருந்தால் 12-ஆம் பிரிவின்படி இழப்பீடு கேட்கலாம். வீடே வேண்டாம் என்றால் கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். உங்கள் வீட்டுக்கு ஒப்புக்கொண்ட பொருளை உங்கள் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது. சாவி வாங்கிய நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து நீங்கள் சொன்னால், 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். புகாரைத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் கொடுக்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915.

முன்பணம் கொடுத்த அன்று கையில் தந்த வண்ணப் புத்தகத்தைப் பெரும்பாலோர் பழைய பேப்பரோடு போட்டுவிடுகிறார்கள். அதைக் கிரயப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். “பசுமை வீடு” என்று அச்சடித்துக் கொடுத்ததற்கு உங்களிடம் இருக்கும் சாட்சி அதுதான்.