ஓடும் காலும் நிற்கும் படமும்

ஆண்டுதோறும் நம் பள்ளித் திடலில் இல்ல விளையாட்டுப் போட்டி நடைபெறுகின்றது. அன்று பெற்றோர் பலர் கைப்பேசியுடனும், ஓரிருவர் நல்ல படக்கருவியுடனும் வருகின்றனர். ஆயினும் ஆண்டு மலருக்குப் படம் தேர்ந்தெடுக்க அமரும்பொழுது, பரிசளிப்புப் படங்களே மிகுதியாகக் கிடைக்கின்றன. ஓடும் பிள்ளையின் தெளிவான படம் அரிதாகவே கிடைக்கின்றது. இக்குறையைப் போக்கும் வழிகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் ஆசிரியப் பணியேற்ற தொடக்க காலத்தில், தோட்டப் பள்ளி ஒன்றின் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தைப் படச்சுருளில் எடுத்தோம். பால்மரம் வெட்டும் தாய் ஒருவரின் மகள் முதலாவதாக வந்தாள். படம் கழுவி வந்தபொழுது, அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மங்கிய கீற்று ஒன்றே இருந்தது. பின்னர் அத்தோட்டம் செம்பனைக்கு மாறியது, லயங்கள் கலைந்தன, குடும்பங்கள் திசைக்கொன்றாய்ப் பெயர்ந்தன. பல்லாண்டு கழித்து, தன் மகனைக் கைப்பிடித்து வந்த அவள், “சார், நான் ஓடிய அந்தப் படம் இருக்கிறதா?” என்று கேட்டாள். கொடுப்பதற்கு நம்மிடம் ஒன்றுமில்லை. பிழை கருவியினுடையதன்று, நம் அறியாமையினுடையது.

அப்பிழை யாதெனக் கணக்கால் காண்போம். 100 மீட்டரை 15 விநாடியில் ஓடும் மாணவி, ஒரு விநாடியில் ஏறத்தாழ 6.7 மீட்டர் கடக்கிறாள். கருவியின் ஷட்டர் 1/60 விநாடி திறந்திருந்தால், அதற்குள் அவள் 11 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறாள், படம் கலங்குகிறது. 1/1000 விநாடியாயின், நகர்வு 7 மில்லிமீட்டருக்கும் குறைவே, படம் தெளிகிறது. நம் நாட்டு ஓட்டவீரர் மணி ஜெகதீசன் 1968-ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அவரை 1/500 விநாடியில் படமெடுத்தால் எவ்வளவு நகர்ந்திருப்பார் என்பதை ஆறாம் ஆண்டு மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். விடை, ஏறத்தாழ 2 சென்டிமீட்டர்.

விரைவான ஷட்டர் கண்ணுக்குப் புலப்படாததையும் காட்டும். பாய்ந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் ஒருங்கே நிலத்தை விட்டு நீங்கும் கணம் உண்டு என்பதை, 1878-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பார் வரிசையாக நிறுத்திய படக்கருவிகளைக் கொண்டு மெய்ப்பித்தார்.

ஆனால், ஷட்டர் விரைந்து மூடினால் உள்ளே புகும் ஒளி குறையும். அதனை ஈடுசெய்ய இரு வழிகள் உள. ஒன்று, லென்ஸின் துளையைப் பெரிதாக்குதல். துளையெண் சிறிதாயின் துளை பெரிதாகும். மற்றொன்று, ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர்வு எண்ணை உயர்த்துதல். சுங்காயில் காலை வெயில் நன்கு காயும்பொழுது, ஐ.எஸ்.ஓ. 400, துளையெண் 8, ஷட்டர் 1/1000 என்று தொடங்கலாம். மழை மேகம் கவிந்தால் துளையெண்ணை 5.6 ஆகவும், ஐ.எஸ்.ஓ.வை 1600 ஆகவும் மாற்றுக. படத்தில் சிறு புள்ளிகள் தோன்றலாம், அதனால் கேடில்லை. புள்ளி விழுந்த முகத்தை அடையாளம் காணலாம். கலங்கிய முகத்தைக் காண இயலாது.

வெண்ணிற வானம் பின்னணியாக அமைந்தால், கருவி ஏமாந்து நம் பிள்ளைகளின் முகங்களை இருளாக்கிவிடும். ஆகவே கதிரவனை முதுகுப்புறம் வைத்து நிற்க வேண்டும். தானியங்கி முறையில் எடுப்போர் ஒளியளவை ஒரு படி கூட்டிக்கொள்ள வேண்டும்.

விலையுயர்ந்த கருவி இன்றியமையாததன்று. 200 அல்லது 300 மில்லிமீட்டர் வரை நீளும் எளிய லென்ஸ் பள்ளித் திடலுக்குப் போதும். அமைப்புகள் குழப்பினால், ஓடும் மனிதன் உருவம் பொறித்த விளையாட்டு நிலையைத் தேர்ந்தெடுக்கலாம். கைப்பேசி வைத்திருப்போர், திரையில் விரலால் உருவைப் பெரிதாக்காமல், அனுமதி பெற்று அருகில் செல்வதே நன்று. விரலை எடுக்காது தொடர்ந்து பல படங்கள் எடுக்கும் வசதியையும் பயன்படுத்துக. தொலைவில் ஓடுவோரை ஃபிளாஷ் ஒளி எட்டாது, அதனை அணைத்துவிடுக.

எங்கே நிற்பது? முடிவுக்கோட்டைத் தாண்டிப் பத்து, பதினைந்து மீட்டர் தள்ளி, ஓடுபாதைக்கு வெளியே, முழங்காலிட்டு நிற்க வேண்டும். அப்பொழுது சிறு பிள்ளையும் வானளாவத் தோன்றும். ஓட்டம் தொடங்குமுன்பே முடிவுக்கோட்டில் குவியத்தை நிலைநிறுத்திக் காத்திருக்க வேண்டும். உயரம் தாண்டுதலில், உடல் குறுக்குக் கம்பிக்கு மேல் உள்ள கணமே உகந்தது. அங்கே ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்குவதால் மேல்கீழ் நகர்வு மிகக் குறைவு.

இறுதியாக இரண்டு சொற்கள். முதல் பிள்ளை கோட்டைத் தொட்டவுடன் கருவியைத் தாழ்த்திவிடாதீர்கள், கடைசியாக வரும் பிள்ளைக்கும் ஒரு வீடுண்டு, அவ்வீட்டிலும் சுவருண்டு. படம் எடுத்த அன்றே பெயர், இல்லம், ஆண்டு ஆகியவற்றைக் குறித்து, ஒரு படியைப் பள்ளியில் ஒப்படையுங்கள். தோட்டங்கள் மாறலாம், பிள்ளைகள் ஊர்விட்டு ஊர் செல்லலாம். என்றேனும் ஒருநாள் அவர்கள் திரும்பி வந்து கேட்கும்பொழுது, இப்பள்ளி வெறுங்கையுடன் நிற்கலாகாது.