வெண்சரிவுகள் 7: கையுறையோடு கடைக்குப் போங்கள்

காஷ்மீரின் குல்மார்க்கில் மூன்று நாள் விடாமல் பனி கொட்டியது. நான்காம் நாள் காலை வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. முதல் வண்டியைப் பிடித்து அஃபர்வட் மலை மேலே போய்விட்டோம். கொண்டோலா என்ற அந்தக் கம்பிவட வண்டியின் இரண்டாம் கட்டம் நம்மை இறக்கிவிடும் இடம் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரம். சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தால், வடக்கே நங்க பர்வதம். 8,126 மீட்டர் மலை. வந்தவர்க்கெல்லாம் முகம் காட்டாது. அன்று அடி முதல் முடி வரை காட்டியது. நான் கேமராவை எடுத்தேன். லென்ஸ் பாதி வெளியே நீண்டு நின்றது. திரையில் பேட்டரி அடையாளம் சிவப்பாக ஒருமுறை மினுக்கியது. அவ்வளவுதான், அணைந்துவிட்டது. முந்தின இரவு முழுக்க சார்ஜ் ஏற்றி வைத்திருந்த பேட்டரி.

கீழே, கொண்டோலாவின் நடு நிலையமான கொங்டோரியில், ஒரு டீக்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்த பிறகு அதே கேமரா உயிர்பெற்றது. பேட்டரியில் பாதிக்குமேல் மிச்சம் இருப்பதாகக் காட்டியது. மலையை அதற்குள் மேகம் மூடியிருந்தது.

சென்ற வாரம் பூட்ஸ் பற்றி எழுதினேன். இந்த வாரம் கேமரா. சறுக்கப் போகிறவருக்கு அது எதற்கு என்று கேட்கலாம். பனியில் கழியும் ஒரு நாள், ஊருக்குத் திரும்பிய பிறகு யாருக்கும் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாத நாள். அதனால்தான் எனக்கு அது வேண்டும். அன்றைய ஏமாற்றத்துக்குப் பிறகு இரண்டு குளிர்காலம் இதே யோசனையாகத் திரிந்தேன். பலரிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். என் முடிவு இது: பனிச்சறுக்குக்குக் கேமரா தேடும்போது படத்தின் தரத்தைக் கடைசியில் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, குளிரில் அது விழித்திருக்குமா, கையுறை போட்ட கையால் எடுத்து அழுத்தித் திரும்ப உள்ளே வைக்க முடியுமா என்பதை.

கைபேசி இருக்கிறதே என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஐபோன் இயங்குவதற்கு ஆப்பிள் நிறுவனம் குறித்திருக்கும் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை. தொடுதிரை சாதாரணக் கையுறைக்குப் பணியாது. இதையெல்லாம் சமாளித்துவிடலாம். ஆனால் சரிவில் காலை முறித்துக்கொண்டால் ஆளைக் கூப்பிட அதுதான் இருக்கிறது. அதன் பேட்டரியைப் படம் எடுத்துத் தீர்ப்பதும், அதைக் கையில் பிடித்தபடி லிஃப்டில் தொங்குவதும் எனக்குச் சம்மதமில்லை. கைபேசி உள்ளே, அணைத்த நிலையில் இருக்கட்டும்.

குளிருக்கு வருவோம். குல்மார்க் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொண்டோலா இறக்கிவிடும் இடம் அதைவிட 1,300 மீட்டர் மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. ஆக, கீழே மைனஸ் 5 என்றால் மேலே மைனஸ் 13. டிசம்பர் 21-ல் தொடங்கும் சில்லை கலான் என்ற நாற்பது நாள் கடுங்குளிரில் இதைவிட மோசமாகவும் இருக்கும். வீசும் காற்று கேமராவைச் சுற்றுப்புற வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோகாது. ஆனால் அந்த நிலைக்கு வெகு சீக்கிரம் கொண்டுபோய்விடும்.

லித்தியம் அயன் பேட்டரிக்குள் மின்னூட்டத்தைச் சுமக்கும் அயனிகள் ஒரு திரவத்தின் வழியே நகர்கின்றன. குளிரில் அந்த நகர்வு மந்தப்படுகிறது, உள்தடை ஏறுகிறது. லென்ஸ் மோட்டார் சுழலத் தொடங்கும் நொடியில் கேமரா நிறைய மின்சாரம் கேட்கும். அப்போது மின்னழுத்தம் மளமளவென்று சரியும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கேமரா முடிவுகட்டி அணைந்துவிடும். உள்ளே இருந்த சக்தி எங்கும் போகவில்லை; சூடு பட்டதும் திரும்பி வரும். டீக்கடையில் நடந்தது அதுதான். (உறைகுளிரில் கிடந்த பேட்டரியை உடனே பவர் பேங்கில் மாட்டி சார்ஜ் ஏற்றாதீர்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் அது நிரந்தரமாகக் கெடும். முதலில் சூடாகட்டும்.)

அந்த டீக்கடைக்காரர் ஃபெரன் என்ற நீள அங்கிக்குள் காங்கிரியை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். காங்கிரி என்பது பிரம்பு பின்னிய மண் சட்டி, உள்ளே கரிக்கங்கு. அவர் கடையையெல்லாம் சூடாக்க முயலவில்லை. தன் வயிற்றை மட்டும் சூடாக வைத்துக்கொண்டார். நான் கற்க வேண்டிய பாடம் என் எதிரே உட்கார்ந்திருந்தது.

ஆனால் அதை நான் தப்பாகக் கற்றேன். மறுநாள் கேமராவைப் பனியனுக்குப் பக்கத்தில், உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டேன். மேலே போய் எடுத்தால், பேட்டரி அமர்க்களமாக வேலை செய்தது. லென்ஸ் கண்ணாடி முழுக்க ஆவி. சறுக்குகிறவர் உடம்பில் வியர்வை எவ்வளவு என்பது வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. அந்த ஈரமெல்லாம் ஜாக்கெட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்து, கேமராவை வெளியே எடுத்த கணத்தில் கண்ணாடியில் படிந்து உறைகிறது. சூடான கேமரா மேல் விழும் பனித்துகளும் உருகிப் பொத்தான் இடுக்குகளில் இறங்கி அங்கேயே கட்டியாகிறது. குளிர்ந்த கேமராவோடு சூடான கடைக்குள் நுழைந்தால் இதன் மறுபக்கம். சென்னையில் ஏசி காரிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி பனிக்குமே, அதேதான். அங்கே கண்ணாடியைத் துடைத்தால் முடிந்தது. இங்கே ஈரம் லென்ஸுக்குள்ளும் சென்சார் பக்கமும் போகிறது.

ஆகவே பேட்டரி சூடாக இருக்க வேண்டும், கேமரா குளிர்ந்தே இருக்கலாம். கூடுதல் பேட்டரி ஒன்றை உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவை அதற்கு மேலே, கம்பளி அடுக்குக்கும் வெளி ஜாக்கெட்டுக்கும் நடுவே வையுங்கள். அங்கே அது உறையவும் உறையாது, வேகவும் வேகாது. கடைக்குள் போகும் முன் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிடுங்கள். ஆவி பையின் வெளியே படியும். கேமரா மெல்லச் சூடாகும்வரை திறக்காதீர்கள். பேட்டரி மாற்ற நான் கண்ட நல்ல இடம் கொண்டோலாவின் கூண்டு. பலகைகள் வெளியே தொங்கும், காற்று அடிக்காது, கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளலாம். சரிவில் நின்றபடி பேட்டரிக் கதவைத் திறந்தால் ரப்பர் விளிம்பில் பனித்துகள் ஒட்டும். பிறகு அந்தக் கதவு நீரைத் தடுக்கும் என்று நம்ப முடியாது.

லென்ஸ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று என்னைக் கைவிட்டது குழாய் போல நீளும் லென்ஸ் கொண்ட கேமரா. நீளும் குழாயின் இடுக்கில் பனி புகும், உள்ளே இழுக்கும்போது உருகும், மறுபடி உறையும். முரட்டுக் கேமராக்கள் என்று விற்கப்படும் வகையில் லென்ஸ் வெளியே வராது. ஒளியை உள்ளே மடக்கி, உடலுக்குள்ளேயே ஜூம் நகரும். பனிக்காக நான் கேட்கும் முதல் அம்சம் இதுதான்.

இனி கை. வாசகர்களிடம் வற்புறுத்தி நான் கேட்பது ஒன்றே ஒன்று: கேமரா வாங்கப் போகும்போது உங்கள் சறுக்குக் கையுறையை எடுத்துக்கொண்டு போங்கள். காகிள்ஸையும் எடுத்துப் போங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். கையுறையை மாட்டிக்கொண்டு, கேமராவை ஜாக்கெட்டிலிருந்து எடுத்து, ஆன் செய்து, ஒரு படம் எடுத்து, திரும்ப உள்ளே வையுங்கள். ஆன் பொத்தான் உடலுக்குள் பதிந்து கிடந்தால் தடித்த விரலுக்கு அது அகப்படாது. ஷட்டரைப் பாதி அழுத்திக் குவியம் பிடிக்கும் அந்த நுட்பமான அழுத்தம் கையுறைக்குள் தெரிகிறதா பாருங்கள். என் நண்பர் ஒருவரின் கேமராவில் படப் பொத்தானும் வீடியோ பொத்தானும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவரிடம் அந்தப் பயணத்தின் நினைவாக நாற்பதுக்கு மேல் வீடியோக்கள், ஒவ்வொன்றும் இரண்டு விநாடி.

காகிள்ஸ் மாட்டியபடி திரையைப் பாருங்கள். கேமராவைக் கிடையாகப் பிடித்தும், செங்குத்தாகத் திருப்பியும் பாருங்கள். போலரைஸ்டு கண்ணாடி என்றால் ஒரு கோணத்தில் திரை கறுத்துவிடும். புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அடிக்கிறது. அந்த வெளிச்சத்தில் எந்தத் திரையும் மங்கும். கண் வைத்துப் பார்க்கும் துளை இருந்தாலும் காகிள்ஸோடு கண்ணை ஒட்ட முடியாது. அதனால் அகலக் கோணத்தில் வைத்து, உத்தேசமாகக் குறிபார்த்து எடுக்கப் பழக வேண்டியிருக்கும். 25 மி.மீ. அளவில் தொடங்கும் லென்ஸ் இந்த உத்தேசத்தை மன்னிக்கும்.

இப்போது படத்தின் தரம். ஒரு அங்குல வகை சென்சார் கொண்ட சோனி ஆர்எக்ஸ்100 2012-ல் வந்தது, 240 கிராம். முரட்டுக் கேமராக்களில் இருக்கும் சிறு சென்சாரைவிட அதன் பரப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. மாலை மங்கலில், ஓட்டல் அறைக்குள், அந்த வித்தியாசம் கண்கூடு. ஆனால் பனிவெளியில் ஒளிக்குப் பஞ்சமே இல்லை. மிகக் குறைந்த ஐஎஸ்ஓவிலேயே ஆயிரத்தில் ஒரு விநாடி கிடைக்கும்போது சிறு சென்சாரின் பலவீனம் பெரிதும் மறைந்துபோகிறது. அந்த வேகமும் தேவை: மணிக்கு 50 கிலோமீட்டரில் வருகிறவர் 1/250 விநாடியில் ஐந்தரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார், 1/1000-ல் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. மெகாபிக்சல் எண்ணிக்கை பற்றி எனக்குச் சொல்ல எதுவுமில்லை. பன்னிரண்டு போதும்.

எந்தக் கேமராவை வாங்கினாலும் பனி அதில் சாம்பல் நிறமாக விழும். ஒளிமானி தன் முன்னால் இருப்பது நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு அளக்கிறது. வெள்ளைவெளியைக் கண்டால் அதையும் சாம்பலாக இறக்கிவிடுகிறது. எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டுங்கள், வெயில் பளீரென்றால் ஒன்றரை. இதை மெனுவுக்குள் நுழைந்து தேட வேண்டிய கேமரா சரிவில் உதவாது. தனிச் சக்கரம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எங்கே வைப்பது என்பதில் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் உண்டு. அஃபர்வட்டின் மேல்சரிவுகளில் பனிச்சரிவு அபாயம் உண்மையானது. அங்கே இறங்குகிறவர்கள் மார்பில் டிரான்சீவர் கட்டிக்கொள்வார்கள். புதையுண்டவரைத் தேட உதவும், 457 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் கருவி. கேமரா, கைபேசி போன்ற மின்னணுப் பொருள்கள் அதன் சமிக்ஞையைக் குழப்பும். சாதாரணமாக அவற்றை டிரான்சீவரிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். யாரையாவது தேடும்போது 50 சென்டிமீட்டர். எங்கள் பயிற்சியாளர் காலையில் ஒவ்வொருவர் ஜாக்கெட்டையும் தட்டிப் பார்ப்பார். ஒருநாள் என்னை நிறுத்தி, "ஜி, கேமராவை அந்தப் பக்கம் மாற்றுங்கள். உங்களைத் தோண்டி எடுக்கப்போவது நாங்கள்தான்" என்றார். அன்றிலிருந்து டிரான்சீவர் இடப்பக்கம், கேமரா வலப்பக்கம் கீழே. கழுத்தில் வார்போட்டுத் தொங்கவிடுவது கூடவே கூடாது. லிஃப்டில் மாட்டும், விழுந்தால் முகத்தில் அடிக்கும். ஒரு முழம் கயிற்றால் பையின் ஜிப்போடு கட்டிவிட்டால் கை நழுவினாலும் பனிக்குள் போகாது.

வாங்கக் கிடைப்பது என்ன? சிறு கேமராக்களின் காலம் பெரும்பாலும் போய்விட்டது. 2010-ல் உலகெங்கும் பத்துக் கோடிக்கு மேல் அனுப்பப்பட்டன; 2023-ல் இருபது லட்சத்துக்கும் குறைவு. எனவே பழைய கேமரா விற்கும் கடைகளையும் பாருங்கள். நிக்கான் கூல்பிக்ஸ் டபிள்யூ300 (2017) 30 மீட்டர் ஆழம் வரை நீர் புகாதது, மைனஸ் 10 வரை தாங்குவது. அதன் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திக் கேமராவையே அசைத்துச் சில வேலைகளைச் செய்யலாம்; கையுறைக் கையை நினைத்துச் செய்திருக்கிறார்கள். ஒலிம்பஸ் டிஜி-5 (2017), டிஜி-6 (2019), நிறுவனம் கைமாறிய பின் ஓஎம் சிஸ்டம் பெயரில் வந்த டிஜி-7 (2023) மூன்றும் ஒரே குடும்பம். 12 மெகாபிக்சல், 25 முதல் 100 மி.மீ. வரை ஜூம், மைனஸ் 10 டிகிரி, 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும், நூறு கிலோ எடை அழுத்தினாலும் நசுங்காது. சறுக்குகிறவர் கேமரா மேலேயே விழுவார், ஆகவே அந்தக் கடைசி எண் எனக்கு முக்கியமாகப் பட்டது. மேலே மைனஸ் 13 இருக்குமே என்றால், ஜாக்கெட்டுக்குள் இருக்கும் கேமரா அந்தக் குளிரை இரண்டு நிமிடம்தான் பார்க்கிறது. பழையது வாங்கினால் கதவுகளின் ரப்பர் விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். காய்ந்து வெடித்திருந்தால் வேண்டாம். நீளும் லென்ஸைப் பொறுத்துக்கொண்டு குறைந்த செலவில் முடிக்க நினைத்தால், ஏஏ பேட்டரி போடும் பழைய கேனன் பவர்ஷாட் ஏ வரிசை கேமராவும் லித்தியம் ஏஏ பேட்டரிகளும் போதும். அந்தப் பேட்டரிகள் மைனஸ் 40 வரை வேலை செய்யும்.

நான் எடுத்துக்கொண்டது டிஜி-6. சிவப்பு நிறம். பனியில் விழுந்தால் வெள்ளியும் வெள்ளையும் கண்ணுக்கு அகப்படாது, சிவப்பு கூப்பிடும். இருட்டினால் அதன் படங்கள் புள்ளி புள்ளியாகின்றன என்பது உண்மை. இருட்டும் நேரத்தில் நான் அறையில் கணப்புப் பக்கம் இருப்பேன்.

அடுத்த பிப்ரவரியில் அதைக் கொண்டுபோனேன். ஆறு நாளும் நங்க பர்வதம் மேகத்துக்குள்ளேயே இருந்தது. ஐந்தாம் நாள், கொங்டோரிக்குச் சற்று மேலே, என் முன்னால் போன தோழி திருப்பத்தில் தடுக்கி, பனிக்குள் முழுசாகப் புதைந்து, எழுந்தாள். இமை, மூக்கு, பின்னல் எல்லாம் வெள்ளை. வாய் நிறையச் சிரிப்பு. நான் கையுறையைக் கழற்றவில்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் முன் படம் விழுந்துவிட்டது.

(தொடரும்)